மலைக்கு வழிவிட்ட தொட்டி

செங்கம் சாலையில் தட்டி வைத்து டீக்கடை போட்டேன். பாறையில் தண்ணீர் வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான், அதே இடத்தில் இரண்டு மாடி விடுதியும் கட்டினேன்.

அந்த விடுதியில் தங்கி மலையை வரைந்த ஓவியர் எனக்கு நண்பரானார். போன பௌர்ணமியன்று சென்னையில் அவருடைய கண்காட்சி. போவதற்குச் சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். கிரிவலக் கூட்டத்தால் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. பொறுப்பாக விட்டுப்போக ஆள் இல்லை. வாசலைத் தாண்ட முடியாமல், நான் கட்டிய கட்டடத்திலேயே அடைபட்டுக் கிடந்தேன்.

சாயங்காலம் அவர் வீடியோவில் கூப்பிட்டார். சுவர் முழுக்க மலை.

"பாத்தீங்களாண்ணா? எல்லாம் உங்க மொட்டமாடில வரைஞ்சது."

"பேரு எழுதியிருக்கிற எடத்த கிட்ட காட்டுப்பா."

அவர் பெயர் மட்டும் இருந்தது.

"மலைய மறைச்சிக்கினு ஒரு தண்ணி டேங்க் இருந்துச்சே, அத யாரு நகத்துனது?"

"நீங்கதாண்ணா. டேங்க் நகத்துனத போர்டுல எழுதினா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். அவருக்காகத்தான் சிமென்ட் மேடையை இடித்துத் தொட்டியைப் பின்பக்கம் ஏற்றினேன், குழாயெல்லாம் மாற்றினேன். அதுவரை அவர் அடிவாரத்தை மட்டுமே வரைந்துகொண்டிருந்தார். உச்சியைப் பார்த்த பிறகுதான் ராப்பகலாக வரைய ஆரம்பித்தார். அந்தப் படங்கள் அடுத்து பெங்களூருக்குப் போகின்றனவாம். போவதற்கு முன்னால், அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதியாக வேண்டும். அதுவும் அதே அளவு எழுத்தில்.