போகாமலே எழுதிய அறிக்கை

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில், வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விண்ணப்பித்தவரின் வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. கருங்குழிக்கு அப்பால் இருந்த காலனியிலிருந்து விண்ணப்பம் வந்தால் மட்டும் ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையோடு நின்றுவிடுவேன். ‘வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் நல்லவிதமாகச் சொல்லவில்லை’ என்று அங்கேயே உட்கார்ந்து எழுதுவேன். பாதை சேறு என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். உள்ளே போனால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை என்பதே உண்மை. இத்தனைக்கும் புள்ளியியலில் முதுகலை படித்தவன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கிளை மேலாளரானேன். சென்னைத் தலைமை அலுவலகம் பழைய கோப்புகளையெல்லாம் வாங்கிக் கணினியில் ஏற்றியது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை அவற்றிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும், இனி மனிதர்களின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்று ஒரு கூட்டத்தில் விளக்கினார்கள். சந்தேகம் உண்டா என்றும் கேட்டார்கள். எனக்கு ஒன்று இருந்தது. அந்தக் காலனியில் யாருக்கும் நாங்கள் கடனே கொடுத்ததில்லை. அவர்கள் ஒழுங்காகக் கட்டுவார்களா என்பதற்குக் கோப்புகளில் ஒரு வரிகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் என் டீக்கடை அறிக்கைகள். எழுந்து சொன்னால், எழுதியது யார் என்று கேட்பார்கள். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சில மாதங்களில் அந்தக் காலனியிலிருந்து ஓர் ஓட்டுநர் வந்தார். திருவிடந்தையிலிருந்து ஊழியர்களை ஏற்றிவரும் வேலையை மாமல்லபுரம் ஓட்டல் ஒன்று அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. மாதம் முடிவதற்குள் சொந்த வேன் வேண்டும். எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. கணினி நிராகரித்தது. காரணம், முகவரி.

“எங்க தெருவுல எவனும் உங்ககிட்ட கடனே வாங்கல சார். வாங்காத கடன எப்டி சார் கட்டாம வுட்டோம்?”

“கம்ப்யூட்டர் முடிவுப்பா. என் கையில ஒண்ணும் இல்ல.”

“அது எங்க வூட்டாண்ட வந்து பாத்துச்சா இன்னா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் கையில் இருந்தது. மேலாளர் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் மறுபரிசீலனை உண்டு, அதற்கென்றே ஒரு படிவமும் உண்டு. ஓட்டுநரின் பெயரை அதில் நிரப்பினேன். காரணம் கேட்ட கட்டத்தில், பழைய அறிக்கைகள் பொய் என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து இருந்தது. வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். மாதம் முடிந்தது. ஓட்டல் வேலை வேறொருவருக்குப் போனது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், மாமல்லபுரத்தில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவை, அன்று வேன் கடன் கேட்டு வந்த அந்த ஓட்டுநர்தான் ஓட்டினார். வண்டி இன்னொருவருடையது. என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“அன்னிக்கி உம்மேல செம கோவம் சார். அப்பால யோசிச்சேன். மிசினு சொல்லிட்டா நீ இன்னா பண்ணுவ, பாவம்.”

சொல்லிவிடலாம் என்று திருவிடந்தை வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது அவர் காசு வாங்க மறுத்தார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.