முத்திரை இல்லாத கடிதம்

தையல் கம்பெனி கேட்டில் பதினாறு வருடமாகப் பெண்களைச் சோதனை போடுகிறவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். அவள் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு நூல்கண்டைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. காலர் தைக்கும் சொந்தத் தங்கையின் சாப்பாட்டுப் பையையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துத்தான் அனுப்புவாள். அதில் அம்மணிக்கு அப்படியொரு பெருமை!

நான்கு வருடத்துக்கு முன், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய ஒரு நர்ஸ் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். மேனேஜர் கொடுத்த கடிதத்தில் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை.

"உள்ள ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்று நர்ஸ் கெஞ்சினாள்.

"முத்திரை இல்லாம ஈ காக்கா உள்ள போகாது. கிளம்பும்மா!"

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமே! பேர் கொடுத்துக் காத்திருந்த தங்கை சாயங்காலம் கேட்டபோது, "அவங்க வரவே இல்லடி" என்று கூசாமல் சொன்னாள்.

இப்போது தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. கர்ப்பப்பை வாயில் வந்த புற்று சிறுநீர்ப்பை வரை போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து சல்லடை டாக்டரம்மாவிடம் சண்டைக்கு நின்றாள்.

"ஒரு காய்ச்சல்கூட வரலையே! உடம்பு எதிர்த்து நிக்காதா?"

"இதைக் கொண்டுவர்றது ஒரு வைரஸ், அது சத்தமே போடாதும்மா. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கிறதுல துளித்துளியா வெளியில காட்டும். உடம்போட காவல் செல்லுங்க அதைப் பார்த்துதான் அடிக்கும். இது அப்படிக் காட்டவிடாம தடுக்கும், ஆபத்துன்னு கூப்பிடுற குரலையும் அமுக்கிடும். முக்கால்வாசிப் பேர் உடம்பு எப்படியோ கண்டுபிடிச்சு விரட்டிடும். சிலருக்கு வருஷக்கணக்கா தங்கி கேன்சரா மாறிடும். அப்புறம் காவலே வந்தாலும், அடிக்காதேன்னு கையைக் கட்டிப்போட்டுடும்."

"நாலு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்றாள் தங்கை.

"நாலு வருஷம் முந்தின்னா, அநேகமா கேன்சராகவே விட்டிருக்க மாட்டோம்."

"அப்போ எங்க கம்பெனிக்கு டெஸ்ட் எடுக்க வர்றதா சொன்னாங்க. வரவே இல்ல டாக்டர்."

சலைன் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று திரும்பினாள். "வந்தேனே! இதோ இந்த அம்மாதான் முத்திரை இல்லன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

சல்லடை குனிந்து போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அடிப்பாவி, அப்போதாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, நீ வெளியில போய் நில்லு."

எழுந்து போனாள். பழக்கதோஷம், கதவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். டாக்டரம்மா வெளியே வந்தாள், நர்ஸ் வந்தாள், சாப்பாட்டு வண்டிக்காரி உள்ளே போய்த் திரும்பினாள். சாயங்காலம் வரை அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.