அண்ணன் பைப் பிடிக்கப் பழகியது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. மற்றவர்கள் இதில் அவருடைய நல்ல குணங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றுகூட மிகையில்லை. நான் எழுத வேண்டியது வேறு. அவருக்குப் புகைபிடிக்கும் பைப்பை வாங்கிக் கொடுத்தவன் நான். இதை நானே சொன்னால்தான் உண்டு. அண்ணன் கடைசிவரை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனார். ஐ.டி.ஐ. முடித்த அண்ணனுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பெர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்த வாரமே ஊருக்கு வந்து எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். விருத்தாசலத்தில் ரயிலை விட்டிறங்கிப் பஸ் ஏறினோம். வழி நெடுக முந்திரிக்காடு. பள்ளிக்கூடம், கல்லூரி, பிறகு சென்னையில் எனக்கு ஒரு கம்பெனி வேலை, எல்லாம் அண்ணன் பார்த்துச் செய்தவை. அம்மாவின் கடைசிக் காலமும் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் கழிந்தது. அப்பா என்று ஒருவர் இல்லாத குறை எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில் அண்ணன் ஆபரேட்டராக இருந்தார். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும் குரல் அவருக்கு. வீட்டிலும் அதே குரல்தான். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் எதிர் வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து படித்துக்கொள்ளும் என்று அண்ணி கேலி செய்வார்.

சிகரெட் பழக்கம் ஷிப்ட் வேலையில் வந்தது. சுரங்கத்துக்குள் நெருப்பு கூடாது. வெளியே வந்ததும் அந்த எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பிடிப்பார். மகளுக்கு மூன்று வயதில் மூச்சிரைப்பு வந்தது. வீட்டில் புகை கூடாது என்றார் டாக்டர். அன்றே பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார் அண்ணன். பத்து நாள் தாங்கியது. கிராம்பு மென்றார், ஏலக்காய் மென்றார், வடலூர் சபைக்குப் போய் ஜோதி முன்னால் நின்று சத்தியம்கூடச் செய்துவிட்டு வந்தார். மூன்று முறை விட்டார். மூன்று முறையும் அது திரும்பி வந்தது. கடைசித் தடவை, மகள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பற்றவைத்தவர், அங்கேயே உட்கார்ந்து அழுதார் என்று அண்ணி எனக்குச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலக நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகை என் கண்ணில் பட்டது. பைப் பிடிக்கிறவர்கள் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு விட்டுவிடுவார்கள், அதனால் தீங்கு குறைவு என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். அதை எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர், டாக்டரா என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே மூர் மார்க்கெட்டில் ஒரு பைப்பும் ஒரு டப்பா புகையிலையும் வாங்கிக்கொண்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, துரை மாதிரி?" என்று சிரித்தார். நான் படித்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "நெஞ்சுக்குள்ள போகாதா? நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்ணே" என்றேன்.

பழகுவது லேசாக இல்லை. முதல் நாள் புகையிலையை இறுக்கித் திணித்துவிட்டார். எவ்வளவு இழுத்தும் காற்றே வரவில்லை. மறுநாள் தளர்வாகப் போட்டார். குப்பென்று எரிந்து நாக்கு வெந்தது. சிகரெட் ஞாபகத்தில் நெஞ்சுக்குள் இழுத்துத் தலை சுற்றி, பலா மரத்தடியில் வாந்தி எடுத்தார். ஒரு தடவை நிரப்பினால் பத்து முறை அணையும். எச்சில் இறங்கி அடியில் களகளவென்று சத்தம் போடும். மந்தாரக்குப்பத்தில் அண்ணன் வழக்கமாகப் போகும் பெட்டிக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "இன்னா சார், சிகரெட்டே வாங்கறதில்ல, நெருப்புப் பொட்டி மட்டும் தெனம் ஒண்ணு வாங்கிகினு போறீங்க? வூட்ல அடுப்பு பத்தலீங்களா?"

அண்ணன் அதை விட்டுவிடவில்லை. இயந்திரத்துக்கு லாக் புக் எழுதுகிறவர், பைப்புக்கும் ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். 'இன்று பன்னிரண்டு குச்சி. நாக்கு எரிச்சல்.' 'இன்று ஒன்பது குச்சி. நாக்கு எரிச்சல்.' புகையிலையை அமுக்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து தட்டைத் தலை போல்ட் ஒன்று. தண்டைத் துடைக்கக் கோழி இறகு. புதுப் பைப்பைப் பாதிதான் நிரப்ப வேண்டும், உள்சுவரில் கரி படிந்த பிறகே முழுதாக நிரப்பலாம் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தார். முதலில் உதிரியாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, மேலே இறுக்கமாக, மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். பற்றவைத்தபின் பசு அசைபோடுவதுபோல அவசரமில்லாமல் இழுக்க வேண்டும். இவ்வளவும் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. 'இரண்டு குச்சி' என்று நோட்டில் எழுதிய அன்று எனக்குத் தபால் கார்டு போட்டார்.

நாக்கு எரிச்சல் மட்டும் போகவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அந்தப் பத்திரிகையில் இருந்தது. அதையும் நான்தான் அவருக்குச் சொன்னேன்.

சிகரெட் நின்றது. சாயங்காலம் ஒருமுறை, வீட்டுக்கு வெளியே, பலா மரத்தடியில் பைப். மகளின் இரைப்பு குறைந்தது. அண்ணி எனக்கு ரவா லட்டு செய்து கொடுத்துவிட்டார். மாதம் ஒரு டப்பா புகையிலையைச் சென்னையிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. அந்த ஐந்து வருடமும் என் அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அண்ணன் என்னைத் தோட்டத்துக் குழாயடிக்குக் கூப்பிட்டுப் போனார். வெளிச்சத்தைப் பார்த்து நின்று நாக்கை வெளியே நீட்டினார். இடது ஓரத்தில் துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒரு புண்.

"ரெண்டு மாசமா ஆறலைடா" என்றார்.

"சூடு பட்டதா இருக்கும்ணே. பழகின புதுசிலேயும் எரிஞ்சுதே?" என்றேன். முதலில் அப்படித்தான் சொன்னேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டிரலாம்" என்றேன்.

"காட்டலாம். உன் கல்யாணம் முடியட்டும். அவங்க ஏதாவது சொல்லி, நாள் தள்ளிப்போனா பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க? அண்ணிகிட்ட மூச்சு விடாதே."

"சரிண்ணே" என்றேன்.

உறவினர்களே, அண்ணனுக்காக மட்டும் நான் அந்தச் 'சரி'யைச் சொல்லவில்லை. கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று எனக்கும் ஆசை இருந்தது. நான்கு மாதம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சென்னையில் வேலைக்குப் போய் வந்தேன், புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். கல்யாணத்தன்று எல்லோரையும் பந்திக்கு அழைத்தது அவர் குரல்தான். ஆனால் தனக்கு இலை போட்டபோது ரசம் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தயிர்ச் சோற்றைக் கரைத்துக் குடித்தார். மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அண்ணனைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மருத்துவருக்குக் கழுத்தில் கை வைத்ததுமே முகம் மாறியது. கட்டி கழுத்துக்கு இறங்கியிருந்தது. பரிசோதனையெல்லாம் முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புற்றுநோய் என்றார். சிகரெட்டா பைப்பா, எதனால் வந்தது என்று நான் கேட்டேன். "அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் புகையிலைதானே" என்றார். பிறகு, "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா நாக்குல கொஞ்சம் எடுத்ததோட போயிருக்கும்" என்றார். அவர் என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நாக்கில் பாதியையும் கழுத்தில் ஒரு பக்கத்தையும் எடுத்தார்கள். கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். குழாய் வழியாகக் கஞ்சி. அண்ணன் வீடு திரும்பிய அன்று வாசலில் நின்ற மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. "தண்ணியாப்பா?" என்று கேட்டாள். தலையாட்டினார். மறுபடி சொன்னார். "உக்காரணுமாப்பா?" என்றாள். அவர் அவளுடைய பெயரைத்தான் கூப்பிட்டார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் பேச முயலவே இல்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடப் பழகிக்கொண்டன.

தேறிவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஐப்பசியில் கழுத்தின் மறுபக்கமும் வீங்கியது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கார்த்திகையில் ஒரு காலை, அண்ணி தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் அவர் கைமேல் சாய்ந்தார். நாற்பத்தாறு வயது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஷிப்ட் முடித்த கையோடு, குளிக்கக்கூட நேரமில்லாமல், லாரி பிடித்துப் புதுச்சேரி வந்து ரத்தம் கொடுத்த அண்ணனின் தோழர்கள். ஆறு மாதம் மகளைத் தங்கள் வீட்டில் சாப்பிட வைத்து, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குடும்பம். கடையைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அண்ணனைத் தோளில் சாய்த்து அழைத்து வந்த மந்தாரக்குப்பம் பெட்டிக்கடைக்காரர், "எங்கூர்ல வந்து பொழைச்ச மனுசன், நான் வராம யாரு வருவாங்க?" என்றார். புண்ணைச் சுத்தம் செய்யும்போது முகம் சுளிக்காத மருத்துவமனைச் சகோதரிகள். எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் அவரும் மகளும் இருக்கிறார்கள். குழாயடியில் நடந்ததை அவருக்கு நான் சொன்னது அதுவே முதல் தடவை. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அண்ணி என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்: "தை மாசமே தலகாணி உறையில ரத்தம் பாத்தேன் தம்பி. அவருக்குத் தெரியாம துவைச்சுப் போட்டேன். மறுநாளும் இருந்துச்சு. அன்னைக்கும் துவைச்சேன். கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணும், போனா உங்க கல்யாணம் நின்னுரும்னு கேக்கலை."

"அண்ணி..." என்றேன்.

"இதையும் சேத்து எழுதிருங்க. அவரு ஒளிச்சாரு, நீங்க ஒளிச்சீங்க, நானும் ஒளிச்சேன். உங்க மேல மட்டும் எதுக்கு?"

சேர்த்துவிட்டேன். அதனால் என் பாரம் குறையவில்லை. அண்ணியுடையதும் குறைந்ததாகத் தெரியவில்லை. படிக்கிறவர்களில் யாருக்காவது வாயில் ஆறாத புண் இருந்தால், வீட்டில் என்ன விசேஷம் இருந்தாலும் நாளைக் காலையில் போய்க் காட்டுங்கள்.

இன்று வந்திருக்கும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணி சொல்லச் சொன்னார்.