சிவப்புக் கம்பளி கட்டிய தூண்டில்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு டண்டினோங்கில் என் பெயரில் மூன்று டைல்ஸ் கடை நிற்கிறது. ஆங்கிலமும் நானாகப் பொறுக்கியதுதான். எட்டு வயதில் ஊரைவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு, நோபல் பார்க் என்ற புறநகருக்கு வந்தேன். பத்து வயதில் வங்கிக்காரர், டொக்டர், மின்சாரக்காரர் எல்லோரிடமும் எங்கள் வீட்டின் வாய் நான்தான். அந்த வாய் ஒருநாள் ஓர் ஏரியையே கலக்கியது.

எண்பதுகளின் கடைசி. பெரியப்பா எங்களோடு இருந்தார். அவருடைய ஒரே மகன், எங்கள் குமரன் அண்ணா, ஊரில் நடந்த உள்நாட்டுச் சண்டைக்குள் காணாமல் போயிருந்தார். அண்ணாவைப் பற்றிச் சேதி வரும்வரை மீன் தொடுவதில்லை என்று பெரியப்பா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். கடற்கரை ஊர்க்காரர், மூன்று வேளையும் மீன் கேட்கிறவர். அவர் முன்னால் சமைக்க மனம் வராமல் அம்மாவும் மீனை நிறுத்திவிட்டார். அண்ணாவின் பெயரைக்கூட வீட்டில் எவரும் எடுப்பதில்லை. அண்ணாவின் முகம் எனக்கு மறந்துபோயிற்று. மீன்கறியின் ருசி மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக் கிழவர் வீடு மாறிப் போகையில் தன் தூண்டில்தடியை வேலிக்கு மேலால் பெரியப்பாவிடம் நீட்டிவிட்டுப் போனார். இரண்டு ஆள் உயரம். இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். பெரியப்பா முள்ளைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டினார். வேலை முடிந்து வந்ததும் பள்ளிக்கூடப் புல்வெளியில் வீசுவார். மேல்கை தள்ள, கீழ்க்கை வயிற்றுப் பக்கம் இழுக்க, மஞ்சள் கயிறு வளைந்துபோய் நீட்டி விழும். நாய்கள் கம்பளியைத் துரத்தும்.

"முள்ளைப் போடுங்கோவன், பெரியப்பா."

"போடா மீன்கள்ளா! ரெண்டு கையும் வேலையா இருந்தாத்தான் எனக்குத் தலை சும்மா கிடக்குது."

புல்லில் ஒரு குறை. பின்னால் வீசாமல், முன்னால் கிடக்கும் கயிற்றையே வளையமாக உருட்டி வீசுவதென்றால் தண்ணீர் அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும், புல்லில் வழுக்கிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவோம். ஓடாத தண்ணீர் என்பதால் வீசியது வீசியபடி கிடக்கும். கோணல் கோணலாகவே தெரியும்.

அங்கேதான் ஏரிக் காவலர் வந்து மீன்பிடி லைசென்ஸ் கேட்டார். நான் கம்பளியைக் காட்டினேன். அப்படியென்றால் இந்தத் தடி எதற்கு என்றார். பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் கதை கேட்கிறார் என்று எனக்குப் பிடிபடாத புழுகம். நேர்த்திக் கதையை ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். நேர்த்திக்கு ஆங்கிலம் தெரியவில்லை, விட்டேன். ஊரையும் சண்டையையும் அவசரத்தில் மறந்தேன். மிஞ்சியது ஒன்றுதான்: இவருடைய மகனைக் காணவில்லை.

காவலர் தண்ணீரைப் பார்த்தார். மகனின் பெயர் என்ன என்றார். சொன்னேன். விசிலை ஊதிக்கொண்டு ஓடினார்.

சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர் கையில் இடுக்கியோடு ஓடிவந்தார். ஒரு பெண் தன் குழந்தையைத் தோழியிடம் கொடுத்துவிட்டுச் சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கரை முழுக்க, தங்கள் நாக்குக்கு வந்தபடி "குமாரன்! குமாரன்!" என்று நீட்டி நீட்டிக் கூப்பிட்டார்கள்.

"என்னடா இது?"

"அண்ணா தண்ணிக்குள்ள விழுந்திட்டார் எண்டு நினைச்சிட்டினம் பெரியப்பா. நான் ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

அவர் என் தோளைப் பிடித்தார்.

"நில்லு தம்பி. இன்னும் ஒருக்கா கூப்பிடட்டும்."

கூப்பிட்டார்கள். அதன்பிறகு தடியைப் புல்லில் வைத்துவிட்டு என்னைக் காவலரிடம் கூட்டிப்போய், "இப்ப சொல்லு" என்றார். இந்த முறை ஊரையும் சண்டையையும் விடாமல் சொன்னேன். காவலர் அதட்டவில்லை. ஈரத்தோடு கரையேறிய ஒவ்வொருவரையும் பெரியப்பா கைகூப்பிக் கும்பிட்டார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் "சொறி, சொறி" என்று அவர் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

அண்ணா வரவில்லை. சேதியும் வரவில்லை. அவரைத் தேடி நாலுபேர் இறங்கியது இந்த உலகத்தில் அந்த ஓர் ஏரியில்தான். எவருக்கும் தலை வணங்காதவன் நான். பெயர் தெரியாத அந்த மனிதர்களை நினைத்தால் மட்டும் என் கை தானாகக் கூம்பும்.

அன்று அந்தப் புத்தி எங்கே? அடி விழும் என்று காதைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பெரியப்பா வழியில் ஒரு கடையில் நின்று எனக்குப் பொரித்த மீனும் தனக்குக் கிழங்குப் பொரியலும் வாங்கினார். பிழை விட்டவனுக்கு மீன் எதற்கு என்று விளங்கவில்லை. மனிதருக்குத் தலை பிசகிவிட்டது, தெளிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் அவசரமாகத் தின்றேன்.