முத்துக்குளிப்புக் கட்டுரையில் அம்மா பெயர்

கல்லூரியில் நான் எழுதிய முத்துக்குளிப்புக் கட்டுரையைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். இன்று காலை அது வேறொரு பக்கத்தில் கிடக்கிறது, என் பெயர் இல்லாமல்.

வந்ததே கோபம். அந்தப் பக்கத்தை நடத்துகிற பையனுக்கு உடனே எழுதினேன்: "எழுதினவங்க பேரைப் போடுங்க தம்பி."

"மன்னிச்சிருங்கக்கா, இப்பவே போட்டுருதேன்."

போட்டான். "எழுதியவர்: சூசையம்மாள், தூத்துக்குடி."

அது என் அம்மா. முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணன்தான் படகில் நின்று பிடிப்பான், தங்கச்சிக்காகவாவது கையை விடமாட்டான் என்று எனக்குச் சொன்னவள். கட்டுரையின் கடைசியில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தேன். பையன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டான்.

திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, எம் பேரா போட்டிருக்கான்? மாமாவுக்கு அனுப்புளா!"

அனுப்பினேன். பையனுக்கு எழுதியதை அழித்துவிட்டேன்.

சற்று முன் மாமா போனில் கேட்கிறார்: "அக்கா, நீ இவ்வளவு நல்லா எழுதுவியா?"

அம்மா கூசாமல் சொல்கிறாள்: "ஏதோ, சும்மா இருக்கையில எழுதுதது."

மாமா இந்தப் பக்கம் வருவதில்லை. வருகிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.