ராஜு அண்ணன் குந்தியிருக்கும் ஜன்னல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஓட்டோ ராஜு அண்ணன் இன்று மாலை போய்விட்டார்... நெஞ்சுவலி. பன்விலயிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுக்க நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வண்டி ஓட்டியவர். கூரை போன தபால் கந்தோர், கதிரைகள் மட்டும் மிஞ்சிய தியேட்டர்... எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும்.

"ஊரு ஒலகமே கண்டி வாவியப் படம் புடிக்க வருது. நீங்க என்னடான்னா இடிஞ்ச செவத்துக்கு இவ்ளோ தூரம் வர்றீங்க!" என்பார்.

எங்கள் விதி ஒன்றுதான். படத்தில் ஆள் விழக்கூடாது. அதனால் ஓட்டோவைக்கூட வளைவுக்கு அப்பால்தான் நிறுத்துவார்.

ஹுன்னஸ்கிரிய பக்கம் பூட்டிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை. பாப்பா அப்போது வயிற்றில், ஆறு மாதம். மேல்மாடிக்கு ஏறப் போனேன்.

"நில்லுங்க தங்கச்சி. பலகை ஒங்களத் தாங்கும். உள்ள இருக்கிற ஆளையும் சேத்துத் தாங்குமான்னு பாத்துட்டு வர்றேன்."

ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்தார். பிறகு மேலே, உடைந்த ஜன்னலில் நின்று கையசைத்தார். முகத்தில் நல்ல வெளிச்சம். என் கமராவில் ஒரு படம் விழுந்தது.

"அண்ணன், ஃப்ரேம்ல நிக்கிறீங்க!"

"ஐயோ, மன்னிச்சிக்கங்க மேடம்!" என்று அப்படியே குந்திக்கொண்டார்.

என் கவர் படத்தில் இருக்கும் வெற்று ஜன்னல் அதுதான். அதற்குக் கீழேதான் குந்தியிருக்கிறார்.

சற்று முன் அவருடைய மகள் அழைத்தாள்.

"அக்கா, பேனருக்கு அப்பா படம் வேணும். மண்சரிவுல ஆல்பம், போன் எல்லாம் போயிருச்சி. ஐடென்டி கார்டுல இருக்கிறது அப்பா மாதிரியே இல்ல. நீங்கதானே எப்பவும் கமராவோட இருப்பீங்க..."

நான்கு வருடப் படங்களையும் தேடிவிட்டேன். சுவர்கள் இருக்கின்றன. பாப்பா பிறந்த பிறகு, அவள் படங்களுக்கு இடம் போதவில்லை என்று, ஆள் விழுந்த படங்களை எல்லாம் அழித்தேன். கையசைத்த அந்தப் படத்தையும்.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. "தேடுறேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

எங்களோடு வந்தவர்கள், பழுதென்று ஒதுக்கிய படங்களைத் தயவுசெய்து பாருங்கள். ஓரத்தில் நின்றாலும் சரி, பாதி முகம் என்றாலும் சரி.

போய்ட்டு வாங்க அண்ணன்.

பேனர் கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும். அதற்குள் பதில் போடுங்கள்.