ஒரே அழைப்பில் வரும் நாய்

விண்ணப்பத்தின் நான்காவது பத்தியில் அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். "எங்கள் நாய்கள் அனைத்தும் உரிமையாளரின் ஒரே அழைப்பில் திரும்பி வரும் பழக்கமுடையவை." மலாயில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு கம்பீரமான வாக்கியங்களாவது இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒன்று வணக்கம் சொல்வதிலேயே செலவாகிவிட்டது. இது இரண்டாவது.

கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு வீடு திரும்பியபோது, என் நாய் வாசல் கேட்டின் இடுக்கில் நுழைந்து சாலையில் நின்றுகொண்டிருந்தது. கூப்பிட்டேன். எங்கோ பார்த்த முகம் என்பதுபோல் என்னை ஒரு கணம் பார்த்தது. பிறகு எதிர்த்திசையில் நடந்தது.

மலேசியாவின் மூவாரில் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், நடுவே ஒரு திடல் உண்டு. அதன் ஓரத்தில் யாரும் ஆடாத டென்னிஸ் களம். நான்கு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கம்பிவேலி, ஒரே ஒரு கதவு. நாய் வளர்க்கும் ஐந்து வீட்டார் சேர்ந்து, தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதற்குள் நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிட அனுமதி கேட்டிருந்தோம். எல்லாம் வரிசை வீடுகள். வாசலில் காடியை, அதாவது காரை, நிறுத்தியபின் மிஞ்சும் இடத்தில் ஒரு நாய் திரும்பிப் படுக்கலாம், ஓட முடியாது.

இந்த யோசனை எங்கள் ஐந்து பேரில் யாருடைய மூளையிலும் உதித்ததல்ல. எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற மலாய்க்கார ஆசிரியர் சொன்னது. ஒருநாள் மாலை நடையின்போது யாரோ ஒருவருடைய நாய் கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, அவருடைய கெண்டைக்காலில் ஈர மூக்கை வைத்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போய் மண் கரைத்த நீரில் தொடங்கி ஏழு முறை கழுவிவிட்டுத்தான் தொழுகைக்கு நிற்க முடிந்தது. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் சொன்னார்: "எனக்கு நாயோடு சண்டை இல்லை. கயிற்றின் மறுமுனையில் இருப்பவரோடுதான்." நான் கூரையில் சுற்றிய விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த யாரோ ஒருவன் நான்தான் என்பது விசிறி உட்பட எல்லாருக்கும் தெரியும்.

வேலி போட்ட களத்தைக் கேட்டு வாங்குங்கள், திடலை எங்களுக்கு விடுங்கள் என்றார் ஆசிரியர். நியாயம்தான். நகராண்மைக் கழகம் மறுத்துவிட்டால் திடலுக்குள் நாயே வரக்கூடாது, கயிறு கட்டியும் வரக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் ஆறு நாய்கள். அவற்றுள் ஐந்து ஒழுக்கமானவை.

எங்கள் குழுவின் தலைவி ஒரு சீன ஆன்ட்டி. அவருடைய தந்தை பெக்கோக் பக்கம், தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்து ஓரம் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஆகவே ஆன்ட்டியின் தமிழ் என் தமிழைவிடச் சரளம், குறிப்பாகத் திட்டும்போது. விண்ணப்பத்தின் நகலைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "செக்ரட்டரி, ஒரே கூப்பாட்டுல வரும்னு எழுதியிருக்கியே. உன் நாய் வருமா?"

"பழக்கிக்கிட்டு இருக்கேன், ஆன்ட்டி."

"வருமான்னு கேட்டா பழக்கிக்கிட்டு இருக்கேங்கிற. கல்யாணம் ஆச்சான்னு கேட்டா பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேங்கிற மாதிரி."

பக்கத்தில் நின்ற லாரிக்காரத் தம்பி சிரித்தான். மேசை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க ஓட்டுபவன். அவனுடைய அல்சேஷன் உட்கார் என்றால் உட்காரும், அவன் மறந்துபோனாலும் எழாது. "அண்ணே, எழுதுறதுக்கு முன்னாடி உங்க நாய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லா" என்றான்.

என் நாயின் பிரச்சினை கீழ்ப்படியாமை அல்ல, மொழி. நாமெல்லாம் வீட்டில் தமிழ் பேசுவோம், கடையில் மலாய் பேசுவோம், நாயிடம் மட்டும் ஆங்கிலம் பேசுவோம். ஏனென்று யாரும் யோசித்ததில்லை. நானும் 'கம்', 'சிட்' என்றுதான் தொடங்கினேன். ஆனால் இந்த நாய் நான் கணக்கெழுதும் மரச்சாமான் தொழிற்சாலையில், மரத்தூள் குவியலுக்குள் பிறந்தது. அங்கே நேப்பாளத்துக்காரர், வங்காளதேசத்துக்காரர், மியன்மார்க்காரர், நாங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு சொல். பகல் மணி அடித்ததும் யாராவது ஒருவர் உரக்கச் சொல்வார்: "மாக்கான்!" சாப்பாடு, சாப்பிடு, சாப்பிடலாம் வா என்று மூன்றுக்கும் அந்த ஒரு மலாய்ச் சொல். இயந்திரங்கள் நிற்கும். குட்டி ஓடிவரும். காவலாளி தன் சோற்றில் ஒரு பிடி வைப்பார். உலகத்தில் உண்மையான அழைப்பு இது ஒன்றுதான் என்று அது அப்போதே முடிவு செய்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் நான் அதற்கு ஒரு பழைய வள்ளலின் பெயரைச் சூட்டினேன். நாலு புத்தகம் படித்தவன் வீட்டு நாய் அல்லவா! உரிமத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அது இன்றுவரை யாருக்கும் எதையும் கொடுத்ததுமில்லை, அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்ததுமில்லை.

சரி, மாக்கான் என்றே கூப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் ஆறுதலாக இருந்தேன், பதில் கடிதம் வரும்வரை. செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி நேரில் வந்து ஒவ்வொரு நாயையும் அவிழ்த்துவிட்டு அழைக்கச் சொல்லிப் பார்ப்பாராம். அது நோன்பு மாதம். விடியுமுன் உண்டு, அந்தி சாயும்வரை தண்ணீர்கூடத் தொடாமல் இருக்கும் ஒருவர் முன்னால் நின்று "சாப்பாடு! சாப்பாடு!" என்று கூவுவதை நினைத்ததுமே எனக்கு வியர்த்தது. போதாக்குறைக்கு, செயலாளர் என்ற முறையில் நான் ஒரு சுற்றறிக்கை வேறு அனுப்பியிருந்தேன்: மரியாதை கருதி அன்று யாரும் உணவோ பானமோ நாய்த்தீனியோ களத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

இடையில் இருந்தவை பத்து நாட்கள். 'வா' என்று பழக்கினேன். 'மாரி' என்று மலாயிலும் அதையே பழக்கினேன். சீட்டி அடித்தேன், பக்கத்து வீட்டுக் கிளி வந்தது. தூக்கம் போனது. மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"நான் பசியாற கூப்பிட்டா நீங்களே மூணாவது தடவதான் வர்றீங்க. அது யாரப் பாத்து கத்துக்கும்?"

"இப்ப கிண்டல் பண்ற நேரமா?"

"அப்ப அந்த ஆபிசர்கிட்ட உண்மைய சொல்லிருங்களேன். இது ஒண்ணு மட்டும் வராதுன்னு."

"அனைத்தும்னு எழுதியிருக்கேன்."

"எழுதுறத குறைங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்."

என் நாயால் மற்ற ஐந்து நாய்களுக்கும் களம் போய்விடும், திடலும் போய்விடும். ஆன்ட்டியின் இரண்டு கிழட்டுப் பூடில்களில் ஒன்றுக்குக் கண் தெரியாது. கயிற்றில் தடுக்கித் தடுக்கி நடப்பது அது. வேலிக்குள் அவிழ்த்துவிட்டால் மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் சுற்றும் என்று ஆன்ட்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பூடிலின் முகம்தான் எனக்கு இரவெல்லாம் வந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அதிகாரி வந்தார். கையில் படிவங்கள் வைத்திருந்த இளம்பெண். வெயில் அப்போதே சுட்டது. ஐந்து நாய்களும் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டு, அழைக்கப்பட்டு, திரும்பி வந்தன. கண் தெரியாத பூடில்கூட ஆன்ட்டியின் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வந்தது. அல்சேஷன் வந்து சலாம் வைக்காததுதான் குறை. எல்லா உரிமையாளர் கையிலும் கயிறு, மலம் அள்ளும் பை, உரிமத்தின் நகல். என் பையில் மட்டும் இரண்டு பிரதி. பதற்றம் வந்தால் நான் நகல் எடுப்பவன்.

கடைசியாக என் முறை. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது: ஐந்தடி மட்டும் தள்ளி நின்று, இருமுவதுபோல் வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது. அதிகாரி நோன்போடு வெயிலில் நிற்கிறாரே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்து வெளியே போய், ஆன்ட்டியின் காடியிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். நான் நாயை அவிழ்த்தேன். கதவு சாத்தப்படவில்லை என்பதை எங்கள் எல்லாரையும்விட முதலில் கவனித்தது என் நாய்தான்.

அது வெளியே பாய்ந்தது. திடலில் அந்த நேரத்தில் ஒரே ஒரு மனிதர் குடையோடு நடந்துகொண்டிருந்தார். ஆசிரியர். நாய் அவரை நோக்கி நேராக ஓடியது, பழைய அறிமுகம் என்ற உரிமையில்.

'கம்' என்றேன். 'வா' என்றேன். 'மாரி, மாரி' என்றேன். வள்ளலின் பெயரை முழுசாகச் சொன்னேன். "சிக்கு!" என்று ஆசிரியரையும் கூப்பிட்டேன். மலாயில் அது ஆசிரியரை அழைக்கும் சொல். தமிழில் அதே ஒலிக்கு உள்ள பொருளும் அப்போது பொருந்தியது. அவர் குடையை முன்னால் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். இருபதடி. பத்தடி.

"மாக்கான்!"

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. நாய் நான்கு கால்களையும் ஊன்றி, புல்லைச் சீய்த்துக்கொண்டு, ஒரு குடை நீளத் தூரத்தில் நின்றது. திரும்பியது. வந்தது. அது மட்டுமா? வேலிக்குள் இருந்த ஐந்து ஒழுக்கசாலிகளும் அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்துவிட்டன. அல்சேஷன் லாரிக்காரத் தம்பியை இழுத்துக்கொண்டே வந்தது. பூடில்கள் வந்தன. ஆறு நாய்களும் என்னைச் சூழ்ந்து கையை முகர்ந்தன. கையில் ஒன்றுமில்லை. எல்லாம் என் சுற்றறிக்கையின் பலன்.

கயிற்றை மாட்டினேன். ஆசிரியர் மெல்ல நடந்து வேலியருகே வந்து, வெளியே நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"லாமா லாகி" என்றார். நோன்பு திறக்க இன்னும் நிறைய நேரம் இருக்கிறதே என்று அர்த்தம்.

அதிகாரி படிவத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் விடிந்ததிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்புகளையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தச் சொல்லைத் தவிர வேறெதற்கும் இது வராது என்பதையும், நான்காவது பத்தியில் பொய் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அங்கிள், அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னீங்க?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"ஒரு தடவை."

அவர் எதையோ எழுதினார். பிறகு ஆசிரியரிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஆசிரியர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கயிற்றின் எந்த முனையைப் பற்றி யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"நாய் கதவைத் திறக்கவில்லை" என்றார். "இந்தக் கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு போடச் சொல்லுங்கள். இந்த மனிதர் இரண்டையும் ஒரே நேரத்தில் மறக்கமாட்டார் என்று நம்புவோம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோழியும் சோறும் பிசைந்து வைத்தேன். வெறுங்கையோடு ஒருமுறை கூப்பிட்டாயிற்று. இனி அந்தச் சொல்லையும் நம்பாமல் போய்விட்டால் என்னிடம் வேறு சொல் இல்லை. அது என்னைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் தின்றது.

மூன்று மாதத்துக்குச் சோதனை அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டாவது கதவை லாரிக்காரத் தம்பி மிச்சப் பலகையில் அடித்துக் கொடுத்தான். "ரெண்டு தாப்பா போட்டிருக்கேன் அண்ணே, உங்களுக்காக" என்றான். கண் தெரியாத பூடில் தினமும் வேலியோரமாக ஒரு சுற்று சுற்றுகிறது. ஆன்ட்டி அதன் பின்னாலேயே பேசிக்கொண்டு போகிறார்.

என் நாயும் ஓடுகிறதாம். காதுகள் பின்னால் மடங்க, வலைக் கம்பங்களை வளைத்து வளைத்து, வயிறு தரையில் படும்படி ஓடுகிறது என்று மனைவி சொல்கிறாள். நான் இன்னும் பார்த்ததில்லை. அந்த ஒரு மணி நேரமும் இரண்டு தாழ்ப்பாள்களிலும் கை வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நிற்கிறேன்.